“என்ன பண்றீங்க?” என்று கேட்டால் “எழுதுறேன்” என்று சொல்வது எப்படி?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஆறு வருடமாகச் சிறுகதை எழுதுகிறார். மூன்று கதைகள் இணைய இதழ்களிலும் ஒன்று அச்சிதழிலும் வந்திருக்கின்றன. புத்தகம் இல்லை. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. யாராவது விசாரித்தால் வேலையை மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறாராம். “எப்போதிலிருந்து என்னை எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ளலாம்?” என்பது அவர் கேள்வி. கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “சொன்னா உடனே என்ன புக் போட்டிருக்கீங்கன்னு கேப்பாங்க.” உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது. தகுதி இருக்கிறதா என்ற சந்தேகத்தைவிட, சொன்னபின் வரும் அடுத்த கேள்விக்குக் கையில் பதில் இல்லை என்பதே அவர் வாயை அடைக்கிறது. அதனால் தகுதியைச் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த கேள்விகளுக்கு அதிக இடம் தருகிறேன். புதிதாக எழுதுபவர்களின் பிரதிகளைத் திருத்துவதும் பட்டறை நடத்துவதும் என் வேலை. ஆய்வில் பார்த்தது எது, இந்த வேலையில் நான் கண்டது எது என்று அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் பதிவேடு உண்டு. பதிவில்லாமல் அந்தப் பெயரில் தொழில் செய்தால் சட்டம் கேட்கும். எழுத்தாளருக்கு அப்படி ஒரு பதிவேடு எங்கும் கிடையாது. சங்கங்கள் உறுப்பினர் அட்டை தரலாம், அட்டை இல்லாதவர் எழுதக்கூடாது என்று எந்தச் சங்கமும் சொல்ல முடியாது. இதுவரை நிச்சயம். இனி வருவது என் அளவுகோல், இன்னொருவர் வேறு வைத்திருப்பார். கடந்த மூன்று மாதத்தில் எழுதினீர்களா? தொடங்கியவற்றில் சிலதையாவது முடித்தீர்களா? முடித்ததை, உங்கள்மேல் பாசமில்லாத ஒருவர் படித்தாரா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் தாராளமாகச் சொல்லலாம். மூன்றாவதை நான் விடாமல் கேட்பதற்குக் காரணம், நண்பர்களின் பாராட்டில் எழுத்தும் உங்கள்மேல் உள்ள பிரியமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும். உங்கள் விஷயத்தில், முன்பின் தெரியாத இதழாசிரியர்கள் நான்குமுறை ‘போடலாம்’ என்று முடிவெடுத்திருக்கிறார்கள். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். புத்தகத்தை நான் அளவுகோலாக எடுப்பதில்லை. வேண்டிய பிரதிகளை மட்டும் அச்சிட்டுக்கொள்ளும் வசதி (பிரிண்ட் ஆன் டிமாண்ட்) வந்தபிறகு, கையில் கொஞ்சம் பணம் உள்ள எவரும் ஒரு மாதத்தில் புத்தகம் போட்டுவிடலாம்.

புத்தகம் வந்தால் கூச்சம் போய்விடும் என்ற கணக்கும் அவ்வளவு நம்பத்தக்கது இல்லை. டோனி மாரிசனின் முதல் நாவல் 1970இலும் இரண்டாவது 1973இலும் வந்தன. 1977இல் மூன்றாவது வந்தபிறகுதான் ‘இதுதான் நான் செய்வது’ என்று தோன்றியதாக ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதுவரை, எழுதவும் செய்கிற பதிப்பாசிரியர், எழுதவும் செய்கிற ஆசிரியை என்றே தன்னைச் சொல்லிவந்தாராம். பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவருக்கே இந்தக் கதி. தான் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம், என்றாவது பிடிபடுவோம் என்ற உணர்வை 1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கட்டுரையில் விவரித்தார்கள். அவர்கள் பார்த்தது நன்றாகச் சாதித்த பெண்களை. சாதனை கூடக்கூட அந்த உணர்வு தானாகக் கரையவில்லை என்பதுதான் அதில் கவனிக்கவேண்டியது. அது ஒரு நோயும் இல்லை. எனவே கூச்சம் தீர்ந்தபிறகு சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம். கூச்சத்தோடேயே சொல்லப் பழகலாம்.

ஆனால் எதைச் சொல்வது என்பதில் கவனம் வேண்டும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட சோதனைகளில், நல்ல வழக்கறிஞராவதில் முனைப்பாக இருந்த மாணவர்களையும் அவர்களைப் போன்ற வேறு சிலரையும் எடுத்துக்கொண்டார்கள். தங்கள் நோக்கத்தை இன்னொருவர் அறிந்துகொண்டதாக உணர்ந்தவர்கள், அதற்கான வேலையில் மற்றவர்களைவிடக் குறைவாக உழைத்தார்கள். ‘நான் இன்னார்’ என்ற நிறைவு, வேலையைச் செய்வதற்கு முன்பே ஓரளவு கிடைத்துவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம். சோதனைகள் சிறியவை, ஓர் அமர்வில் முடிந்தவை, ஆட்கள் மாணவர்கள். ஆறு வருடம் கதை எழுதியவருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. இருந்தும் பட்டறைகளில் நான் காண்பதோடு ஒத்துப்போவதால் ஒரு விதியாகவே சொல்லிவருகிறேன்: செய்ததையும் செய்துகொண்டிருப்பதையும் சொல்லுங்கள், செய்யப்போவதைச் சொல்லாதீர்கள். “சிறுகதை எழுதுறேன்” என்பதில் ஆபத்து இல்லை. “ஒரு நாவல் ஆரம்பிக்கப் போறேன், மூணு தலைமுறைக் கதை” என்பதில் இருக்கிறது. அடுத்த சந்திப்பில் “நாவல் என்னாச்சு?” என்று கேட்பார்கள், அதற்காகவே அந்த ஆளைத் தவிர்க்கத் தொடங்குவீர்கள்.

இனி சொல்லும் விதம். வேலையைச் சொன்னபின் சொல்ல இரண்டே வாக்கியம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் என்ன வகை எழுத்து என்பது, இரண்டாவதில் எதிராளி பிடித்துக்கொள்ள ஒரு பிடி. “கணக்குப் பிரிவுல வேலை. சிறுகதையும் எழுதுறேன். பெரும்பாலும் வீடு மாறிப் போறவங்களைப் பத்தி.” அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள். வேலையை மறைக்கத் தேவையில்லை. இரண்டையும் ஒரே குரலில் சொன்னால் கேட்பவர் இரண்டையும் ஒரே எடையில் எடுத்துக்கொள்வார். நாவலாசிரியர் காஃப்கா 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். சம்பளம் ஓரிடத்திலிருந்தும் எழுத்து இன்னோரிடத்திலிருந்தும் வருவது இலக்கியத்தில் விதிவிலக்கே இல்லை. ‘எழுத்தாளர்’ என்று சொல்ல வாய் வராவிட்டால் ‘கதை எழுதுறேன்’ என்றே சொல்லுங்கள், ஒன்றும் குறையாது. ‘எழுத்தாளர்’ என்றால் எதிராளி கேட்க நினைப்பது உங்கள் தகுதியை. ‘கதை எழுதுறேன்’ என்றால் கதையைப் பற்றிக் கேட்பார். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

அந்தப் பிடி எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? ஐந்தாறு சொல் போதும். மனிதர்களும் பொருட்களும் கண்ணில் தெரியவேண்டும். “மனித மனத்தின் ஆழங்களைப் பத்தி” என்றால் எதிராளிக்குப் பிடிக்க எதுவும் இல்லை, “ஓ” என்பதோடு முடிந்துவிடும். “வீடு மாறிப் போறவங்களைப் பத்தி” என்றால் தான் வீடு மாறிய கதையை அவரே ஆரம்பிப்பார். நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம், அதைவிடச் சௌகரியம் வேறென்ன.

கெடுவது எங்கே? “சும்மா ஏதோ கிறுக்குவேன்” என்பதில். “பெருசா ஒண்ணும் இல்ல”, “பொழுதுபோக்குதான்”, முன்னாலும் பின்னாலும் ஒரு சிரிப்பு, இவையும் அதே வகை. அடக்கம் என்று நினைத்துச் சொல்கிறோம். கேட்பவருக்கோ இரண்டே வழிதான் மிஞ்சுகின்றன: “அப்படியெல்லாம் சொல்லாதீங்க” என்று தேற்றுவது, அல்லது நம்பிவிட்டு வேறு பேச்சுக்குப் போவது. பெரும்பாலோர் நம்பிவிடுகிறார்கள். பிறகு “யாருக்கும் அக்கறையில்லை” என்று நாம் வருந்துகிறோம். கதவைச் சாத்தியது நாம்தான். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, இரண்டு வாக்கியத்தில் நிறுத்தாமல் வந்த இதழ்கள், நிராகரித்த இதழ்கள், இலக்கிய அரசியல் என்று பத்து நிமிடம் ஓட்டுவது. கூச்சக்காரர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள். அமைதி வந்தால் கேள்வி வந்துவிடுமோ என்ற பயம்.

பயிற்சிக்குக் கைபேசியின் ஒலிப்பதிவு போதும். அந்த வாக்கியங்களை ஐந்துமுறை சொல்லிப் பதிவுசெய்து, மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் குரலைப் பிடிக்காமல் போவதுதான் காதில் விழும், பிழை விழாது. மூன்று இடங்களைக் கவனியுங்கள். வேலையைச் சொல்லும்போது இருந்த வேகம் எழுத்தைச் சொல்லும்போது கூடுகிறதா? ‘எழுதுறேன்’ என்பதில் கடைசி எழுத்து விழுங்கப்படுகிறதா? முடிவில் குரல் மேலேறிக் கேள்வி மாதிரி ஒலிக்கிறதா? இந்த மூன்றாவதுதான் அதிகம். ‘எழுதுறேன்…?’ என்று அனுமதி கேட்பது போல. அதற்கு மருந்து, வாக்கியத்துக்கு முன் ஒரு மூச்சு, வாக்கியம் முடிந்ததும் ஒரு வினாடி வாயை மூடிக்கொள்வது. தினம் பத்துமுறை என்று ஒரு வாரம் போனால் வாய்க்குப் பழகிவிடும். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை, முகத்தைப் பார்ப்பதில் குரல் மறந்துபோகிறது.

யாரிடம் தொடங்குவது என்பதிலும் வரிசை இருக்கிறது. பயணத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர்போல, மறுபடி பார்க்கப்போகாத ஆள் முதலில். அவர் மனதில் உங்களைப் பற்றிப் பழைய படம் எதுவும் இல்லை, மாற்றவேண்டிய வேலையும் இல்லை. அடுத்து, படிக்கிற பழக்கம் உள்ள அறிமுகங்கள். பிறகு அலுவலகம். வீடும் சொந்தமும் கடைசி. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, கடினமான இடத்தில் முதல் அடியை வாங்கிக்கொண்டு அடுத்த ஐந்து வருடம் வாய் திறப்பதில்லை.

இப்போது அந்த அடுத்த கேள்விகள். எண்ணிப் பார்த்தால் ஐந்தாறுதான், திரும்பத் திரும்ப அதேதான் வரும். “என்ன புக் போட்டிருக்கீங்க?” என்றால்: “புத்தகம் இல்லை. நாலு கதை இதழ்கள்ல வந்திருக்கு. ஒண்ணு அனுப்பட்டுமா?” இதில் ‘இன்னும்’ என்ற சொல்லை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ‘புத்தகம் இன்னும் வரலை’ என்று சொன்னால் “எப்ப வரும்?” என்று கேட்பார்கள், உங்களிடம் இல்லாத ஒரு தேதியைச் சொல்லவேண்டி வரும். ‘அனுப்பட்டுமா’ என்பது இன்னும் முக்கியம். புத்தகம் என்ன என்று கேட்பவர் உங்களைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே அடுத்த கேள்வி அது. படிக்க ஏதாவது கையில் கொடுத்துவிட்டால் கேள்வி அடங்கிவிடும்.

அதற்கு ஒரு கதையை முன்பே தேர்ந்து வைத்திருக்கவேண்டும். ஒன்றுதான், பட்டியல் கூடாது. பட்டியல் கொடுத்தால் எதைப் படிப்பது என்ற குழப்பத்தில் எதையும் படிக்கமாட்டார். 1500 சொல்லுக்குள் இருக்கட்டும், பத்து நிமிடத்துக்குள் முடியும். பதிவுசெய்து உள்ளே போகவேண்டிய தளமாக இருக்கக்கூடாது. உங்கள் ஆகச்சிறந்த கதை என்பதைவிட, முதல் பத்தியிலேயே ஓர் ஆளும் அவருடைய ஒரு சிக்கலும் தெரிகிற கதையாகப் பாருங்கள். சோதனை வடிவங்களைப் பிறகு காட்டலாம். குடும்பத்தார் தங்களை அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய கதை இதற்கு ஆகாது, சுட்டி எங்கெல்லாம் போகும் என்று உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. பிடிஎஃப் அனுப்பினால் கைபேசியில் எழுத்து பொடியாகத் தெரியும், சுட்டியே மேல். ஆனால் இணைய இதழ்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுட்டி திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிரதியை உங்களிடமும் சேமித்துவையுங்கள். அனுப்பியபின் “படிச்சீங்களா?” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். பாதிப் பேருக்குமேல் படிக்கமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் அவர் பொய் சொல்லவேண்டி வரும், அடுத்தமுறை உங்களைக் கண்டால் ஒதுங்குவார்.

“இதுல எவ்வளவு வரும்?” என்பது பலருக்கு எரிச்சலூட்டும் கேள்வி. உள்ளதைச் சொல்லிவிடுவதே சுலபம்: “பெருசா ஒண்ணும் வராது, சம்பளம் வேலையிலிருந்து வருது.” வானிலை சொல்வது போன்ற குரலில் சொன்னால் பேச்சு அங்கேயே முடியும். புலம்பலாகச் சொன்னால் “அப்புறம் எதுக்கு எழுதறீங்க?” என்று நீளும். “இன்னாரைப் படிச்சிருக்கீங்களா?” என்று ஒரு பெரிய பெயரைப் போட்டுப் பார்ப்பவரிடம், படிக்கவில்லை என்றால் “இல்லை, எதுல ஆரம்பிக்கலாம்?” என்று கேளுங்கள். தலையாட்டிவைத்தால் மூன்றாவது வாக்கியத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

“என்கிட்ட ஒரு கதை இருக்கு, நான் சொல்றேன், நீங்க எழுதுங்க, வர்றதுல பாதிப் பாதி” என்பவர்களை ஜாக்கிரதையாகக் கையாளவேண்டும். பதிப்புரிமை ஒரு கருத்துக்குக் கிடைப்பதில்லை, அது எழுதப்பட்ட வடிவத்துக்கே கிடைக்கும். அறிவுசார் சொத்துரிமை பற்றிய, உலக வணிக அமைப்பின் ட்ரிப்ஸ் ஒப்பந்தம் 9ஆம் பிரிவிலேயே அதைச் சொல்கிறது. ஆனால் சட்டம் தெளிவாக இருப்பதும் ஒரு சொந்தக்காரர் “என் கதையை எடுத்துக்கிட்டான்” என்று ஊரெல்லாம் சொல்வதும் வேறுவேறு விஷயம். அவர் சொல்லத் தொடங்குவது நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதற்குக் கிட்டத்தில் வந்தால் அங்கேயே நிறுத்தி, “இது மாதிரி ஒண்ணு எழுதிட்டிருக்கேன், சொல்லாதீங்க” என்றுவிடுங்கள். மற்றபடி, “நீங்களே எழுதினாத்தான் அது நல்லா வரும்” என்பதே போதும். பெரும்பாலும் உண்மையும் அதுதான்.

எழுதுகிறவர் என்று தெரிந்ததும் மேடைப்பேச்சு, விண்ணப்பக் கடிதம், பிள்ளையின் கட்டுரை எல்லாம் உங்கள் மேசைக்கு வரும். முதல்முறை வருவதற்கு முன்பே ஒரு விதி வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு உட்பட்டதை ஒருவருக்கு ஒருமுறை செய்து கொடுப்பது, அதற்குமேல் பணம் கேட்பது என்பது நான் பலருக்குச் சொல்லும் விதி. பிள்ளையின் கட்டுரையைத் திருத்தலாம், எழுதித் தரக்கூடாது.

வீட்டில் விஷயமே வேறு. அங்கே யாரும் உங்களை எழுத்தாளர் என்று அழைக்கத் தேவையில்லை. உங்களுக்கு வேண்டியது நேரம். “ராத்திரி 9 மணியிலிருந்து 10.30 வரைக்கும் எழுதப்போறேன், அவசரம்னா மட்டும் கூப்பிடுங்க” என்று நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள். ‘என் எழுத்தை மதியுங்கள்’ என்று கேட்டால் வாக்குவாதம்தான் வரும். வீட்டாருக்கு உள்ளூர மூன்று பயங்கள் இருக்கும்: வேலையை விட்டுவிடுவாரோ, பணம் போய்விடுமோ, நம்மைப் பற்றி எழுதிவிடுவாரோ. முதல் இரண்டுக்கும் அவர்கள் கேட்கும் முன்பே பதில் சொல்லிவிடுங்கள். மூன்றாவதுக்கு, “உங்களை வச்சு எழுதினா வெளியிடறதுக்கு முன்னாடி காட்டறேன்” என்று சொல்லலாம். காப்பாற்ற முடியும் என்றால் மட்டும் இந்த வாக்கைக் கொடுங்கள்.

அலுவலகத்தில் சொல்வதற்கு முன் பணி ஒப்பந்தத்தில் இரண்டு பிரிவுகளைத் தேடுங்கள். வெளிவேலை பற்றியது ஒன்று, நீங்கள் உருவாக்குவதன் உரிமை யாருக்கு என்பது இன்னொன்று. சில ஒப்பந்தங்களில் இரண்டாவது பிரிவு அகலமாக எழுதப்பட்டிருக்கும். அது உங்கள் கதைகளைத் தொடுமா என்பதை ஒப்பந்தத்தைப் படித்து ஒரு வழக்கறிஞர்தான் சொல்லமுடியும், என்னால் முடியாது. அலுவலகக் கணினியிலும் அலுவலக மின்னஞ்சலிலும் கதை வேலை எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது எப்படியும் நல்லது. படிவங்களில் ‘தொழில்’ என்ற கட்டத்துக்கு வருமானம் எதிலிருந்து வருகிறதோ அதை எழுதுங்கள். விசா விண்ணப்பத்தில் இது இன்னும் முக்கியம். பத்திரிகையாளருக்குத் தனி விசா வைத்திருக்கும் நாடுகள் உண்டு, பெருமைக்காக ‘எழுத்தாளர்’ என்று போட்டால் தேவையில்லாத கேள்விகள் வரலாம்.

எல்லோரும் சொல்லித்தான் ஆகவேண்டுமா என்றால், இல்லை. கவிஞர் சல்மா வீட்டுக்குத் தெரியாமல் கவிதை எழுதிப் புனைபெயரில்தான் வெளியிட்டார். எஸ். ரங்கராஜன் என்ற பொறியாளர் மனைவியின் பெயரில் சுஜாதா ஆனதற்குக் காரணம் அவ்வளவு கனமானது இல்லை, ரங்கராஜன் என்ற பெயரில் ரா. கி. ரங்கராஜன் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார். சொன்னால் வீட்டிலோ வேலையிலோ உண்மையான தொந்தரவு வரும் என்றால் புனைபெயர் கோழைத்தனம் இல்லை. ஒப்பந்தத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் சட்டப்பெயர் தேவைப்படும், ஆகவே பதிப்பாளருக்காவது தெரிந்திருக்கும். அந்தப் பெயரை வெளியிடக்கூடாது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆளைக் கண்டு பேசுவதே நெஞ்சைப் படபடக்க வைக்கிறது, எழுத்தைப் பற்றி மட்டும் இல்லை, எதைப் பற்றியும் என்றால் நான் மேலே சொன்ன பயிற்சிகள் போதாது. அதற்கு மனநல ஆலோசகரைப் பார்ப்பதே சரி.

கடைசியாக, இதழ்கள் கேட்கும் ஆசிரியர் குறிப்பு. வாயால் சொல்லக் கூசுகிறவர்கள் முதலில் இதை எழுதிப் பார்க்கலாம், அந்த இரண்டு வாக்கியமும் இதிலிருந்தே கிடைக்கும். படர்க்கையில் எழுதுங்கள், 30 சொல்லைத் தாண்டவேண்டாம். ‘வளர்ந்துவரும்’, ‘இலக்கிய ஆர்வலர்’, ‘எழுத முயல்பவர்’ மூன்றும் வேண்டாம். உங்களுக்கு இப்படி இருக்கலாம்: “கணக்குத் துறையில் பணிபுரிகிறார். வீடு மாறுகிறவர்களைப் பற்றிச் சிறுகதைகள் எழுதிவருகிறார். இவரது நான்கு கதைகள் இதழ்களில் வெளியாகியுள்ளன.” நான்கு என்பதற்குப் பதில் இதழ்களின் பெயரைப் போட்டால் இன்னும் நல்லது, தேடிப் படிக்க விரும்புகிறவருக்கு எண்ணிக்கையால் பயனில்லை.